அப்சோர்பரை மாற்றலாமா? பயண மோட்டார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் பெரிய மோட்டார்கள் பெருகிவிட்டன. பால் மரம் வெட்டிய தாத்தாவுக்குச் சைக்கிள், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிய அப்பாவுக்குக் கப்சாய் என்ற சின்ன மோட்டார், பேரனுக்கு அறுநூற்றைம்பது சிசி. நான் எண்ணெய் ஆலை ஒன்றில் ஃபிட்டர். என் வண்டி கவாசாகி வெர்சிஸ் 650. ஞாயிற்றுக்கிழமை காலை சாலையோர ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் யாராவது ஒருவர் "அண்ணே, அப்சோர்பர் மாத்தலாமா?" என்று ஆரம்பித்துவிடுவார். சாலையின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும், ஸ்பிரிங்கும் எண்ணெயும் சேர்ந்த கருவிதான் அப்சோர்பர். சொன்னதையே சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

கம்பெனி போட்டுக் கொடுத்த அப்சோர்பருக்கு என்ன குறை?

தனியாக, பெட்டி எதுவும் இல்லாமல் ஓட்டினால் பெரும்பாலும் ஒரு குறையும் இல்லை. நடுத்தர உடம்புள்ள ஒருவர் ஓட்டுவார் என்று வைத்து ஸ்பிரிங்கைத் தேர்வு செய்கிறார்கள். விலைக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. குறை வெளிப்படுவது குடும்பம் ஏறும்போதுதான்.

என் கணக்கையே பாருங்கள். நான் 76 கிலோ. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சேர்த்து 8. வீட்டம்மா 58, அவருடைய கவசங்கள் 6. பெட்டிகள் வெறுமனே 14. உள்ளே துணிமணி, டூல்ஸ், மழைக்கோட்டு, கிளந்தான் போய்த் திரும்பினால் கெரோப்போக் அப்பளம் என்று ஒரு 16. கூட்டினால் 178 கிலோ. பெட்ரோல் நிரப்பிய வண்டியின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு. அதுவும் பாதிக்கு மேல் பின்சக்கரத்தின் தலையில்தான் விழுகிறது. பின்னால் பெட்டி அச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால், பின்பக்கம் அமுங்க அமுங்க முன்பக்கம் லேசாகிறது.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரவில் எதிரே வரும் லோரிக்காரர் எல்லாரும் உங்களைப் பார்த்து லைட் அடிக்கிறார்களா? பின்பக்கம் உட்கார்ந்து, உங்கள் ஹெட்லைட் அவர் கண்ணைக் குத்துகிறது. இது முதல் அடையாளம். பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கும்போது அடியில் "டங்" என்று கேட்டால், அப்சோர்பர் தன் முழு நீளத்தையும் தின்று முடித்து ரப்பரில் இடித்திருக்கிறது. வளைவில் ஒரு பள்ளத்தைத் தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை படகு போல ஆடினால், ஆட்டத்தை அடக்கும் டேம்பிங் செத்துவிட்டது. பிரேக் பிடித்தால் மூக்கு தரையைப் பார்ப்பது, அப்சோர்பர் தண்டில் எண்ணெய்க் கசிவு, இவையும் உண்டு.

ஆனால் எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி பின்னால் உட்காருபவர். கிரிக் ஊர் வந்ததும் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேறு பரிசோதனை வேண்டாம்.

காசு செலவழிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

டயர் காற்று. சிரிக்காதீர்கள். அப்சோர்பர் போய்விட்டது என்று என்னிடம் கொண்டுவரும் வண்டிகளில் பல, பெட்ரோல் நிலையத்துக் காற்றுக்குழாயிலேயே குணமாகியிருக்கின்றன. ஓட்டுநர் கையேட்டில் தனியாகப் போக ஓர் அளவும், ஆளும் சுமையும் ஏற்றினால் இன்னோர் அளவும் இருக்கும். டயர் சூடாவதற்கு முன் அளக்க வேண்டும். அப்புறம் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஓர் இடத்தில் சிக்கினால் கழுத்து பேரிங் போயிருக்கிறது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடவென்றால், பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்மின் பேரிங். இந்த நோய்களுக்கு ஓலின்ஸ் மாதிரி பெரிய பெயருள்ள அப்சோர்பரும் மருந்தாகாது.

ஸ்பிரிங் வேறு, டேம்பிங் வேறா?

வேறு. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. டேம்பிங் அந்த ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக அமுங்கலாம், எவ்வளவு வேகமாக எழலாம் என்பதை எண்ணெயை வைத்துக் கட்டுப்படுத்துகிறது. அமுங்குவதற்குக் கம்ப்ரெஷன் என்றும் எழுவதற்கு ரீபவுண்ட் என்றும் பெயர். வண்டி நிற்கும்போது டேம்பிங்குக்கு வேலையே கிடையாது, ஸ்பிரிங்குக்கு எப்போதும் வேலை. அதனால்தான் ஸ்பிரிங்கை முதலில் சரிசெய் என்கிறேன்.

பிரீலோடைத் திருகி இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும்தானே?

ஆகாது. சுமை ஏறும் முன்பே ஸ்பிரிங்கைத் திருகி அமுக்கி வைப்பதுதான் பிரீலோடு. நம் ஊரில் அதிகம் பரவியிருக்கும் தவறான நம்பிக்கை இதுதான், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஸ்பிரிங் தராசு பார்த்திருப்பீர்கள். கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு நிறுப்பது. முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்த அதில் ஒரு திருகு இருக்கும். அந்தத் திருகை எவ்வளவு திருகினாலும், ஒரு கிலோ போட்டால் முள் நகரும் தூரம் அதேதான். மாறுவது முள் கிளம்பும் இடம் மட்டுமே. பிரீலோடும் அப்படித்தான். வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மாற்றும். ஸ்பிரிங்கின் கெட்டித்தனம், அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது, கம்பியின் தடிமனிலும் சுற்றின் அகலத்திலும் எண்ணிக்கையிலும் இருக்கிறது. அதை ஸ்பேனரால் மாற்ற முடியாது.

பிரீலோடு வீண் என்று சொல்லவில்லை. அதன் உண்மையான வேலை, தனியாகப் போகும் நாளுக்கும் ஜோடியாகப் போகும் நாளுக்கும் இடையே உயரத்தைச் சமன்படுத்துவது. வெர்சிஸ் 650க்கு 2015 மாடலிலிருந்து கையாலேயே திருகும் குமிழ் வந்தது. எனக்குப் பிடித்த வசதி அதுதான். எத்தனை சுற்றுக்கு எந்தச் சுமை என்று ஒரு காகிதத்தில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சேக் என்கிறார்களே, அது என்ன? வீட்டிலேயே அளக்கலாமா?

வண்டி தன் எடையிலும் உங்கள் எடையிலும் எவ்வளவு இறங்குகிறது என்பதே சேக். தமிழில் இறக்கம் என்று சொல்லலாம். வீட்டு வாசலில் அளவு நாடாவும் இரண்டு கூட்டாளிகளும் இருந்தால் போதும்.

பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே, சீட்டுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக்கில் ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். டபுள் ஸ்டாண்டு இருந்தால் அதில் நிறுத்துங்கள். இல்லையென்றால் சைடு ஸ்டாண்டை அச்சாக வைத்து இருவர் வண்டியைச் சாய்த்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் அச்சிலிருந்து டேப் வரை அளப்பது முதல் அளவு. 610 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது வண்டியை இறக்கி, பயணம் போகும் கோலத்திலேயே ஏறி உட்காருங்கள். ஹெல்மெட், பூட்ஸ், பெட்டி, வீட்டம்மா எல்லாம் சேர்த்து. லுங்கியும் செருப்புமாக அளந்தால் அது லுங்கிக்கான அளவு. ஒருவர் முன்னால் நின்று வண்டியை நேராகப் பிடிக்கட்டும். இன்னொருவர் பின்பக்கத்தை அமுக்கி மெதுவாக விட்டு அளக்கட்டும். பிறகு லேசாகத் தூக்கி, மெதுவாக விட்டு மறுபடி அளக்கட்டும். சீலும் பேரிங்கும் பிடிப்பதால் இரண்டும் ஒன்றாக இருக்காது. இரண்டுக்கும் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது 545 என்றால், இறக்கம் 65.

இது அதிகமா, குறைவா? சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கினால் சாலைப் பயணத்துக்குச் சரி. வெர்சிஸ் 650க்குப் பின்னால் 145 மில்லிமீட்டர், முன்னால் 150. ஆக 45 முதல் 50 வரை இறங்கலாம். 65 இறங்கினால், பள்ளத்துக்கென்று ஒதுக்கிய இடத்தில் பாதிக்குப் பக்கத்தை வீட்டுவாசலிலேயே செலவழித்துவிட்டோம்.

முன்னால் அளப்பது இன்னும் சுலபம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு கேபிள் டை மாட்டி, அது எவ்வளவு தள்ளப்படுகிறது என்று பார்க்கலாம்.

அளந்துவிட்டேன். ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா இல்லையா என்று எப்படி முடிவெடுப்பது?

ஆள் ஏறிய இறக்கத்தைப் பிரீலோடால் 45, 50க்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் எல்லாரும் இறங்கி, வெறும் வண்டி தன் எடையில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். பின்பக்கம் அது 5 முதல் 15 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருத்தமானது. அதற்குக் குறைவாக, அதாவது வெறும் வண்டி இறங்கவே இல்லை என்றால், ஸ்பிரிங் இளசு. பிரீலோடைப் போட்டு நெரித்துத்தான் உயரத்தைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். மாறாக 25, 30 என்று இறங்கினால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு முரடு. பிரீலோடை முழுக்க இறுக்கியும் 50க்கு வரவில்லை என்றால் கேள்வியே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

நண்பர் வண்டியில் இருக்கும் ஸ்பிரிங்கின் எண்ணைக் கேட்டு வாங்காதீர்கள். ஒவ்வொரு மாடலிலும் அப்சோர்பர் சாய்ந்திருக்கும் கோணமும் நெம்புகோல் கணக்கும் வேறு. அவர் வண்டியில் கெட்டியான எண் உங்கள் வண்டியில் பஞ்சாக இருக்கலாம்.

நீங்கள் முதலில் என்ன மாற்றினீர்கள்?

தப்பானதை. போனஸ் வந்த சூட்டில் நல்ல பெயருள்ள ஒரு அப்சோர்பர் வாங்கினேன். கடைக்காரர் என் எடையைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருவர் தனியாகப் போவதற்கான ஸ்பிரிங்கோடு பெட்டி வந்தது. வீட்டம்மா ஏறியதும் இடுப்பொடிந்த மாதிரி உட்கார்ந்தது. சரி என்று பிரீலோடைக் கடைசி வரை இறுக்கினேன்.

அப்படியே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்குப் போனோம். தெமெங்கோர் ஏரிப் பாலத்தைத் தாண்டியதும் சாலை அலை அலையாக இருக்கும். ஒவ்வொரு அலையின் உச்சியிலும் பின்சக்கரம் "டக்" என்று கீழ் எல்லையில் முட்டித் தொங்கியது. சக்கரம் கீழே இறங்கிச் சாலையைத் தொடர இடமில்லை, எல்லாவற்றையும் பிரீலோடு தின்றுவிட்டது. ஒரு வலது வளைவில் பின்பக்கம் துள்ளி ஒரு கை அகலம் வெளியே போனது. ஜெலி ஊர் வரும்வரை பின்னால் பேச்சே இல்லை.

ஊர் திரும்பி அதே அப்சோர்பருக்குக் கெட்டியான ஸ்பிரிங் மட்டும் மாற்றினேன். அப்சோர்பர் விலையோடு ஒப்பிட்டால் ஸ்பிரிங் விலை சுண்டைக்காய். வண்டி வேறு வண்டியாகிவிட்டது. அன்றிலிருந்துதான் யார் கேட்டாலும் முதலில் எடையைக் கேட்கிறேன். சிலருக்கு அது கோபம்.

நம் தோட்டத்துச் சாலைக்கு ஏற்ற மாதிரி மெத்தென்று செட் பண்ணித் தருவீர்களா?

மாட்டேன். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு வரும் நாலைந்து கிலோமீட்டர் எப்படியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். குலை ஏற்றிய லோரிகள் போய்ப் போய்ச் செம்மண்ணில் வரிவரியாய் மேடு. தார் போட்ட இடத்தில் ஒட்டுமேல் ஒட்டு. தினமும் அதில் போவதால் முதுகு அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. ஆனால் அங்கே நீங்கள் முப்பதில் போகிறீர்கள். கொஞ்சம் எழுந்து ஃபுட்ரெஸ்டில் நின்றால் முழங்காலே அப்சோர்பர். எரிச்சல் இருக்கும், ஆபத்து குறைவு.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் இறக்கத்து வளைவு. தாப்பாவிலிருந்து ரிங்லெட் போகும் பழைய குறுகல் சாலையில் எதிரே முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு வரும் பேருந்து. கிரிக் தாண்டி வளைவு நடுவில் கிடக்கும் யானை லத்தி. அங்கே சாய்ந்திருக்கும் வண்டியைத் திடீரென்று நிமிர்த்தி, பிரேக் பிடித்து, மறுபடி சாய்க்க வேண்டும். மெத்தென்று செட் பண்ணிய வண்டி அந்த நேரத்தில் ஒரு நொடி யோசிக்கும்.

எரிச்சலூட்டும் சாலைக்கு செட் பண்ணாதீர்கள், விழ வைக்கக்கூடிய சாலைக்குப் பண்ணுங்கள். நல்ல ஸ்பிரிங்கும் நல்ல டேம்பிங்கும் இருந்தால் தோட்டத்துச் சாலையும் முன்பைவிட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சோபா ஆகாது.

காசு ஒரு பக்கத்துக்குத்தான் இருக்கிறது. முன்னாலா, பின்னாலா?

ஜோடியாகப் போகிறவர் பின்னால். தனியாகப் போகிறவர் முன்னால். ஃபோர்க் ஸ்பிரிங்கும் ஆயிலும் சில நூறு வெள்ளியில் (ரிங்கிட்டில்) முடிந்துவிடும், நல்ல பின் அப்சோர்பர் ஆயிரக்கணக்கில் போகும். அதனால் தனி ஆளுக்கு நல்ல காலம்.

ஃபோர்க்கில் கெட்டி ஆயில் ஊற்றினால் போதாதா? ஒர்க்‌ஷாப்பில் அதுதான் சொன்னார்கள்.

அரைகுறை வைத்தியம். சாதாரண ஃபோர்க்கில் எண்ணெய் ஒரு குழாயில் உள்ள ஓட்டைகள் வழியே போகிறது. ஓட்டையின் அளவு மாறாது. எண்ணெய் போகும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். மெதுவாக மூக்கு இறங்கும்போது எதிர்ப்பு போதாது, குழியில் சக்கரம் சட்டென்று எகிறும்போது எதிர்ப்பு அளவுக்கு மீறிப்போகும். கெட்டி ஆயில் ஊற்றினால் மூக்கு கொஞ்சம் குறைவாக இறங்கும். ஆனால் குழி மணிக்கட்டில் வந்து அடிக்கும்.

சரியான வழி, எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்டு, கையேடு சொல்லும் ஆயிலையே புதிதாக ஊற்றுவது. அதற்கு மேல் வேண்டுமானால் எமுலேட்டர் என்று ஒரு வால்வு கிடைக்கிறது, அமெரிக்காவின் ரேஸ் டெக் செய்வது பிரபலம். பழைய ஓட்டைகளைப் பெரிதாக்கிவிட்டு, அவற்றின் வேலையை இந்த வால்வு எடுத்துக்கொள்ளும். பெரிய அடி விழுந்தால் அது திறந்து எண்ணெயை விட்டுவிடும். இன்னும் மேலே போனால், டேம்பிங் பாகங்கள் எல்லாம் ஒன்றாக அடங்கிய முழு கார்ட்ரிட்ஜ். சில புது வண்டிகளில் கார்ட்ரிட்ஜ் ஏற்கெனவே இருக்கும், வாங்குவதற்கு முன் உங்கள் ஃபோர்க் எந்த வகை என்று விசாரியுங்கள்.

டப்பாவில் இருக்கும் 10டபிள்யூ, 15டபிள்யூ என்ற எண்களை நம்பி பிராண்டு மாற்றாதீர்கள். ஒரு கம்பெனியின் 10 இன்னொன்றின் 15க்குச் சமமாக இருக்கலாம். 40 டிகிரியில் சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு) எவ்வளவு என்று பின்பக்கத்தில் அல்லது தகவல் தாளில் இருக்கும், அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஃபோர்க் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் "அதை மாத்தணுமா?" என்பார்கள். நாலைந்து வருஷம் கிடந்த ஆயிலைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் வரும், கருவாட்டு நாற்றம் அடிக்கும். வீட்டுக்குள் செய்யாதீர்கள்.

நேர் ஸ்பிரிங்கா, போகப் போகக் கெட்டியாகும் ஸ்பிரிங்கா?

சுமை ஒரே மாதிரி இருந்தால் நேர் ஸ்பிரிங். ஒரு நாள் தனியாக, ஒரு நாள் குடும்பத்தோடு, ஆனால் பிரீலோடைத் தொட்டுப் பார்க்கவே சோம்பல் என்றால் மற்றது. நெதர்லாந்தின் ஹைப்பர்புரோ இந்த வகைக்குப் பெயர்போனது. எனக்கு நேர் ஸ்பிரிங்தான் பிடிக்கும், அளந்தால் கணக்கு ஒத்துவருகிறது.

எந்த பிராண்டு வாங்கலாம்?

உங்கள் எடையைக் கேட்டு, அதற்கேற்ற ஸ்பிரிங்கோடு கொடுக்கும் கடையின் பிராண்டு. இதைச் சொன்னால் நழுவுகிறேன் என்கிறார்கள், அதனால் பெயரும் சொல்கிறேன். பக்கத்து நாடான தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் நம் பக்கம் சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. கொடுக்கிற காசுக்குப் பழுதில்லை, பிரித்துச் சர்வீஸ் பண்ணலாம். ஜெர்மனியின் வில்பர்ஸ், பிரிட்டனின் நைட்ரான் இரண்டும் ஆர்டரின்போதே எடையும் சுமையும் கேட்பவை. ஓலின்ஸ் ஸ்வீடனில் 1976இல் தொடங்கியது. தரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் தங்க நிறத்தைப் பூசிக்கொண்டு போலிகளும் சுற்றுகின்றன. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், நம்பாதீர்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். தேய்ந்தால் பிரித்துச் சர்வீஸ் பண்ண முடியுமா, இங்கே யார் பண்ணுவார்கள், சீல் கிட் கிடைக்குமா. சர்வீஸுக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அந்தத் தங்கம் எனக்கு வேண்டாம்.

பக்கத்தில் தனிக் குடுவை தொங்கும் மாடலுக்கு அவ்வளவு காசு தகுமா?

அழகுக்கு என்றால் தகாது. சுமையோடு நாள் முழுக்கப் போகிறவருக்குத் தகும். அப்சோர்பர் அசைவை வெப்பமாக மாற்றும் கருவி. சூடானால் எண்ணெய் தண்ணீராகும். மலிவான மாடல்களில் எண்ணெயும் வாயுவும் ஒரே குழாயில் கிடப்பதால் குலுங்கிக் குலுங்கி நுரைக்கும், நுரையை ஓட்டை தடுக்காது. காலையில் நன்றாக இருந்த வண்டி மத்தியானம் ஆட ஆரம்பிப்பது இதனால்தான். குடுவை மாடலில் நைட்ரஜன் தனியாக ஒரு பிஸ்டனுக்கோ ரப்பர் பைக்கோ அந்தப் பக்கம் இருக்கும், எண்ணெயும் அதிகம். நம் வெயிலில் வித்தியாசம் தெரியும்.

கிளிக், கிளிக் என்று திருகும் குமிழ்களை எப்படி வைப்பது?

முதலில் இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதி வையுங்கள். வலப்பக்கமாக மெல்லத் திருகி முழுக்க மூடும்வரை கிளிக்குகளை எண்ண வேண்டும், எண்ணிக்கை எப்போதும் அங்கிருந்துதான். முடிந்த இடத்தில் பலம் காட்டாதீர்கள், உள்ளே ஊசி முனை கெட்டுப்போகும். அப்புறம் கையேட்டு அளவில் வைத்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சாலையில் போய் வாருங்கள். நான் எங்கள் பக்கத்து ஊரான லாசா போகும் பாதையில் ஓர் ஐந்து கிலோமீட்டரை வைத்திருக்கிறேன்.

மேட்டைத் தாண்டியதும் வண்டி இன்னும் ஒரு முறை ஆடினால் ரீபவுண்டை இரண்டு கிளிக் கூட்டுங்கள். தனி மேட்டில் நன்றாக இருந்து, தொடர்ச்சியான மேடுகளில் போகப் போகக் கல்லாக மாறினால் ரீபவுண்டு அதிகம். ஸ்பிரிங் எழுவதற்குள் அடுத்த மேடு வந்து, வண்டி படிப்படியாக இறங்கிப் போகிறது. இதை வைத்துத்தான் பலர் ஸ்பிரிங் முரடு என்று தப்பாக நினைக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு குமிழ் மட்டும். இரண்டைச் சேர்த்துத் திருகினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கால் எட்டவில்லை. லிங்க் மாற்றி உயரத்தைக் குறைக்கலாமா?

சீட்டுப் பஞ்சை வெட்டிக்கொள்ளுங்கள். அப்சோர்பரைப் பின்சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் துண்டுதான் லிங்க். அதை மாற்றினால் நெம்புகோல் கணக்கு மாறும், தரை இடைவெளி குறையும், சைடு ஸ்டாண்டு நீளமாகி வண்டி நிமிர்ந்து நிற்கும். அதோடு, பின் உயரம் எப்படி மாறினாலும் ஆள் ஏறிய நிலையில் சங்கிலித் தொய்வைப் பார்த்துவிடுங்கள்.

மின்னணு அப்சோர்பர் இருக்கும் வண்டிக்கு?

வயர் இருப்பதால் வேறு எதையாவது மாட்டினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அந்த மாடலுக்கென்றே செய்ததைத்தான் வாங்க வேண்டும், அல்லது இருப்பதையே சர்வீஸ் பண்ணி ஸ்பிரிங் மாற்றலாம். டெலிலீவர் வைத்த பிஎம்டபிள்யூ ஜிஎஸ்ஸில் ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங்கே கிடையாது, முன்னாலும் ஓர் அப்சோர்பர்தான். மேலே ஃபோர்க் பற்றிச் சொன்னது அதற்குப் பொருந்தாது.

கெட்டி ஸ்பிரிங் போட்டால் இன்னும் அதிகச் சுமை ஏற்றலாமா?

கூடாது. கையேட்டில் உள்ள சுமை வரம்பு ஃபிரேம், சக்கரம், டயர், பிரேக் எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஸ்பிரிங் அதில் ஒன்றுதான்.

காப்புறுதிக்குச் சொல்ல வேண்டுமா?

மாற்றுவதற்கு முன் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ஒட்டுக்கடைச் சட்ட ஆலோசனை வேண்டாம், என்னுடையது உட்பட.

எந்த வேலையை நானே செய்யலாம்?

சேக் அளப்பது, கிளிக் வைப்பது, பின் அப்சோர்பரைக் கழற்றி மாட்டுவது. கடைசி வேலைக்கு வண்டியை ஃபிரேமில் தாங்கி நிறுத்தத் தெரிய வேண்டும், போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கழற்றியதோடு லிங்க் இருக்கும் வண்டியில் அந்த பேரிங்குகளுக்கும் கிரீஸ் வையுங்கள். ஆலையில் பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவும் பழக்கமுள்ள நம் பையன்கள் வண்டியையும் அப்படியே கழுவி, அந்த கிரீஸை எப்போதோ அனுப்பிவிட்டிருப்பார்கள்.

ஃபோர்க் ஆயில், கை சுத்தமாக இருந்தால் செய்யலாம். ஃபோர்க் மூடியைத் திறக்கும்போது ஸ்பிரிங் அழுத்தத்தில் மூடி எகிறும், முகத்தை மேலே நீட்டாதீர்கள். நைட்ரஜன் நிரப்பிய அப்சோர்பரை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. உள்ளே பத்து பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும், அதாவது கார் டயரைப் போல நான்கு மடங்குக்கும் மேல். நானே ஃபிட்டர், நானே திறப்பதில்லை.

புதிதாகப் போட்டபின் பராமரிப்பு?

நம் எதிரி செம்மண் சேறு. காய்ந்து ஃபோர்க் குழாயில் ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு அசைவிலும் சீலை அரம் போல ராவும். மழையில் வந்த அன்றே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம். கசிய ஆரம்பித்த சீலில் சில நேரம் மண் மட்டும் சிக்கியிருக்கும். தூசி மூடியை இறக்கி, மெல்லிய பிளாஸ்டிக் துண்டை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் உடனே மாற்றுங்கள், அந்த எண்ணெய் வழிந்து போகுமிடம் முன் பிரேக்.

கழற்றிய பழைய அப்சோர்பரை விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். புதியது சர்வீஸுக்குப் போகும் வாரங்களில் வண்டி சும்மா நிற்கும், அப்போது பழையதை மாட்டி வேலைக்குப் போகலாம். வண்டியை விற்கும்போதும் பழையதை மாட்டிக் கொடுத்துவிட்டு நல்லதைத் தனியாக விற்கலாம். துடைத்து, தண்டில் லேசாக எண்ணெய் தடவி, நிமிர்த்தி வையுங்கள். என்னுடையது அரிசி டின்னுக்குப் பக்கத்தில் நிற்கிறது, வீட்டம்மா மாதம் ஒருமுறை அது என்ன என்று கேட்பார்.